எந்தப் பக்கம் வாய்

பக்கவாதம் கணவருடைய வலது கை காலோடு நின்றிருந்தால் அவள் சமாளித்திருப்பாள். அது அவருடைய சொற்களையும் கலைத்துப் போட்டிருந்தது. தண்ணீர் கேட்க வேண்டுமானால் "செருப்பு" என்பார். செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைத்தால், வேறு யாரோ தன் வாயால் பேசிவிட்டதுபோல் விழிப்பார். தான் சொன்னது தப்பு என்பது அவருக்கே தெரியும். அதுதான் கொடுமை. பேருந்து ஓட்டிய காலத்தில் பணிமனையே அவருடைய வாய்க்குப் பயந்தது.

அவள் தையற்காரி. கடைக்குப் போய்வர இப்போது அவருடைய பழைய மோட்டார் சைக்கிளைத்தான் ஓட்டினாள். கல்யாணமான புதிதில் அவரே கற்றுக்கொடுத்தது, கை மறக்கவில்லை. சில நாட்களாக இன்ஜின் சீக்கிரமே சூடாகி, தொண்டை கட்டியதுபோல் கரகரத்தது. ஆயில் மாற்றி ரொம்ப நாளாகியிருந்தது.

"பட்டறையில விட்டுட்டு வந்துடறேங்க" என்று வண்டியை நகர்த்தினாள். அவர் இடது கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"வேற ஆளு தொடக்கூடாதா?"

கூடாது என்று தலையாட்டினார்.

"அப்ப யாரு செய்யறது? நீங்களா?"

அவர் அவளைக் காட்டினார்.

விடுமுறை நாள் காலையில், வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் வேலை தொடங்கியது. அவருடைய பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, தரையில் கிழிந்த படுக்கை விரிப்பைப் பரப்பினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து எதை எடுக்க வேண்டும், எதைக் கழற்ற வேண்டும் என்று இடது கையால் காட்டினார். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினாள். அடியில் இருந்த போல்ட்டைத் திருகியதும் ஆயில் கறுப்பாகக் கொட்டியது. விரல் சுட்டதில் போல்ட் நழுவிப் பாத்திரத்துக்குள்ளேயே விழுந்தது. கையை உதறிக்கொண்டு ஒரு குதி குதித்தாள். அவர் பாதி வாயால் சிரித்தார்.

"சிரிங்க, சிரிங்க. சிரிக்க மட்டும் வாய் நல்லா வருது."

ஆயில் வடிந்ததும் போல்ட்டைத் துடைத்து மாட்டினாள். வலப்பக்கம் இருந்த வட்ட மூடியைக் கழற்றி, ஆயிலை வடிகட்டும் பழைய ஃபில்டரை உருவினாள். கரியில் ஊறிய பஞ்சுபோல் வந்தது. துடைக்கத் துணிக்குப் பஞ்சமில்லை; தையற்கடை வெட்டுத் துண்டுகள் ஒரு மூட்டை இருந்தன. புது ஃபில்டர் கைக்கு அடக்கமாக, மடிப்பு மடிப்பான காகித உருளையாக இருந்தது. ஒரு முனையில் ஓட்டை, மறு முனை அடைப்பு. டப்பா என்றால் வாய் நம் பக்கம்தானே இருக்கும்? ஓட்டை வெளியே தெரியும்படி உள்ளே செருகினாள்.

"கதவு" என்றார் அவர்.

அவள் எழுந்து போய்க் கொட்டகைக் கதவைச் சாத்தினாள்.

"கதவு, கதவு."

திறந்தாள். அவர் தொடையில் அறைந்துகொண்டார்.

"சாத்தினாலும் தப்பு, திறந்தாலும் தப்பு. நான் என்னதாங்க பண்ணட்டும்?"

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மூடியை வைத்து முடுக்கினாள். புது ஆயிலை ஊற்றினாள். சாவியைத் திருப்பிக் கிக்கரில் கால் வைத்தபோது, அவர் ஊன்றுகோல் இல்லாமலே எழுந்து, தடுமாறி வந்து சீட்டின்மேல் சாய்ந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

அவர் விழுந்துவிடுவார் என்ற பயம், தோளைப் பிடித்து நிறுத்தியதும் கோபமாகத் திரும்பியது.

"பட்டறையில விட்டிருந்தா இந்நேரம் வேலை முடிஞ்சிருக்கும். உங்க வீம்புக்கு நான் கரி பூசிக்கிட்டு நிக்கிறேன். எத்தனைன்னுதான் நானும் தாங்கறது?"

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. வார்த்தையைத் தேடித் தேடிக் களைத்துப்போன முகம். அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வட்ட மூடியைத் தொட்டுக் காட்டினார். பிறகு அவள் போட்டிருந்த சட்டையின் விளிம்பைப் பிடித்து உட்புறம் வெளியே வரும்படி மடித்தார். அவளே போட்ட தையலும் பிசிறும் தெரிந்தன. இரண்டு முறை திருப்பிக் காட்டினார்.

அவள் மூடியைப் பார்த்தாள்.

"உள்ள இருக்க வேண்டியது வெளிய இருக்கா? ஓட்டை அந்தப் பக்கமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார்.

மறுபடியும் மூடியைக் கழற்றினாள். புது ஆயில் கொஞ்சம் விரிப்பில் வழிந்தது. ஃபில்டரைத் திருப்பி, ஓட்டை உள்பக்கம் போகும்படி செருகினாள்.

"அப்படியே ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அவர் முஷ்டியைச் சுழற்றினார். வேகம் குறைந்தது. அது இறுகி நின்றது. தலையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டார்.

"இன்ஜினே போயிருக்குமா?" அவள் விரல் கரியைத் துணியில் துடைத்தாள். "ரொம்பத் திட்டிட்டேங்க."

அவர் தோளைக் குலுக்கினார். பேருந்து ஓட்டிய ஆளுக்கு இதெல்லாம் ஒரு திட்டா என்பதுபோல் இருந்தது.

மூடியை முடுக்கி, சிந்திய அளவுக்கு ஆயில் ஊற்றினாள். சாவி கைக்கு வந்தது. உதைத்ததும் இன்ஜின் இருமி, பிறகு சீராகப் பிடித்துக்கொண்டது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவள் குனிந்து மூடியைச் சுற்றி விரலால் தடவினாள். கசிவில்லை. இன்ஜினை நிறுத்தி, அதன் பக்கவாட்டில் இருந்த சின்னக் கண்ணாடித் துளையில் ஆயில் அளவு பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

"தெருக்கோடி வரைக்கும் போய் ஓட்டிப் பாத்துட்டு வரேன்."

அவர் பின்சீட்டில் கை வைத்தார்.

"நீங்களா? பின்னாடியா?"

இந்த வண்டியில் அவர் ஒரு நாளும் பின்னால் உட்கார்ந்ததில்லை. யார் ஓட்டினாலும் பின்சீட்டு தனக்கு ஒத்துவராது என்பார். அவள் வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, அவருடைய வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, பாதத்தைக் கால்மிதியில் வைத்தாள். அவர் இடது கையால் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

தெருவில் மெல்ல ஓட்டினாள். கியர் மாற்ற வேண்டிய இடத்தில் அவர் விரல்கள் இடுப்பில் தட்டின. மாற்றினாள். வளைவு தாண்டியதும் அவர் காதருகே ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். காற்றில் சரியாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் நினைத்த வார்த்தையாக இருந்திருக்காது. பயந்துவிட்டாரோ என்று வேகத்தைக் குறைத்தாள்.

விரல்கள் மறுபடி தட்டின, இந்த முறை அழுத்தமாக.

"சரிங்க, சரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை விரட்டினாள்.