அகலத்திரையின் வலது ஓரம்

புது எடிட்டிங் மென்பொருளைத் திறந்த முதல் நாளே சிசெல் திண்டாடிப்போனாள். திரை முழுக்கக் கறுப்பு, அதன்மேல் சாம்பல் நிறத்தில் எறும்பு எறும்பாகப் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் வேறெதுவோ திறந்தது. அதை மூடினால் அதுவரை வெட்டி ஒட்டியதெல்லாம் காணாமல் போனது. இதை எழுதிய புண்ணியவான் தன் அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு படமாவது தொகுத்திருப்பானா என்று அவள் கேட்டதில் நியாயம் இருக்கத்தான் செய்தது.

அவள் அம்மா இங்கருக்கு அடுத்த வாரம் அறுபது வயது. ஃபுன் தீவில் அறுபது என்றால் சும்மா விடுவார்களா? ஊர் மண்டபம், மேசைதோறும் குட்டிக் கொடிகள், சொந்தக்காரர்கள் எழுதிக்கொண்டு வந்து எல்லாரையும் வலுக்கட்டாயமாகப் பாடவைக்கும் பாட்டுகள், கடைசியில் ஒரு குடும்பப் படம். படம் தொகுப்பது எப்போதும் வெர்னர் மாமாவின் வேலை. மாமா போன குளிர்காலத்தில் கண்ணை மூடினார். அவருடைய பழைய கம்ப்யூட்டரும் அதே மாதம் உயிரை விட்டது. அதிலிருந்த பழைய மென்பொருள் புதுக் கம்ப்யூட்டரில் கால் வைக்க மறுத்தது. மிஞ்சியது ஒரு பை நிறைய கேமரா டேப்புகள். சொந்தபந்தம் மொத்தமும் சிசெலைத் திரும்பிப் பார்த்தது. பள்ளிக்கூடத்தில் புல்லாங்குழல் சொல்லிக்கொடுப்பவள், அங்கே கம்ப்யூட்டர் இருக்கிறது, அந்தத் தகுதி போதாதா?

எந்தப் படத்தை விட்டாலும் சர்ச்சில் அவள் விசுவாசத்தை உறுதிசெய்த கன்ஃபர்மேஷன் நாளின் படத்தை விட முடியாது. கிறிஸ்துமஸ்தோறும் போட்டுப் போட்டு வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். பதினாலு வயது சிசெல் வெள்ளை கவுனில் தோட்டத்தில் நிற்பாள். அம்மா படத்தின் வலது பக்கமாக வெளியே போவாள். நீலக் காகிதம் சுற்றிய நீளமான பொட்டலத்தோடு திரும்பி வந்து மகள் கையில் கொடுப்பாள். பிரித்தால் வெள்ளிப் புல்லாங்குழல். சிசெல் போடும் கூச்சலில் நாய் மேசைக்கடியில் ஓடி ஒளியும். அந்தக் குழல்தான் அவளுக்குப் பிழைப்பாயிற்று.

அந்தப் படத்தில் இல்லாத ஒரே ஆள் அவளுடைய அப்பா ஆஸ்கெர். அதற்கு முந்தைய வருடம்தான் அம்மாவும் அப்பாவும் பிரிந்திருந்தார்கள். கட்டாயம் வருகிறேன் என்று சொன்ன மனிதர் வரவில்லை. "கூப்பிட்டோம், வரல, விட்டுத்தள்ளு" என்றாள் அம்மா. சிசெல் விட்டுத்தான் தள்ளினாள். அன்றிலிருந்து அவர் கூப்பிட்டால் அவள் போனை எடுக்கவில்லை. தன் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை. யாராவது கேட்டால் அப்பா என்று சொல்லாமல் ஆஸ்கெர் என்று பேரைச் சொல்வாள், ஏதோ பக்கத்துத் தெருக்காரர் மாதிரி.

விழாவுக்கு முந்தின நாள் மதியம் மண்டபத்தில் புரொஜெக்டரைப் பொருத்திப் படத்தை ஓடவிட்டாள். ஓடவிட்டதும் "ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கம்ப்யூட்டரின் குட்டிக் கட்டத்தில் அவள் கவனிக்கவில்லை, பெரிய திரையில் அத்தனை பேரும் முருங்கைக்காய் போல மெலிந்து நீண்டு நின்றார்கள்.

ஏணிமேல் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் யெப்பே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "உங்க வீட்ல எல்லாரும் ஒரே நாள்ல இளைச்சுட்டாங்களா? என்ன மருந்துன்னு கேட்டு எனக்கும் கொஞ்சம் வாங்கிக் குடு."

"சிரிக்காத. நாளைக்கு ஊரே பாக்கப் போகுது. அம்மா என்னக் கொன்னுடுவா."

"அதோ, வேலிகிட்ட ஒரு கொடிக்கம்பம் நிக்குது பாரு. அது ஒண்ணுதான் சரியான அளவுல இருக்கு."

சிசெல் படத்தைக் கையால் அகலமாக இழுத்துப் பார்த்தாள், எல்லாருடைய தலையும் போயிற்று. வேறொரு பொத்தானை அழுத்தினாள். நாலு பக்கமும் கறுப்பு சூழ்ந்து படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கியது. அவள் மேசையை ஓங்கி அடித்ததில் இரண்டு கொடிகள் சாய்ந்தன.

யெப்பே இறங்கி வந்தான். "மேல மேல இழுக்காத. அந்தத் துண்டோட அமைப்புக்குள்ள போ. கேமரா அகலமாத்தான் எடுத்திருக்கு. இந்தச் சனியன் அதைச் சதுரம்னு நெனச்சு நெருக்கி வெச்சிருக்கு."

அவன் சொன்னது சரி. பிக்சல் வடிவம் என்ற இடத்தில் சதுரம் என்று இருந்தது. அகலம் என்று மாற்றினாள். ஒரே நொடியில் அத்தனை பேருக்கும் சதை பிடித்தது. அத்தைகள் அத்தைகளானார்கள். அதோடு அவள் இதுவரை பார்த்தேயிராத தோட்டமும் இரண்டு பக்கமும் விரிந்தது. மாமா படம் தொகுத்த காலத்தில் வீட்டு டிவி ஏறக்குறைய சதுரம். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் அவருக்குப் பிடிக்காது. அதனால் எந்த டேப்பாக இருந்தாலும் இரண்டு ஓரத்தையும் வெட்டிவிட்டுத்தான் போட்டிருக்கிறார்.

சிசெல் கைதட்டப் போனாள். தட்டவில்லை. வேலியோரத்துக் கொடிக்கம்பத்துக்கும் சதை பிடித்திருந்தது. அதற்குத் தோள் இருந்தது, நீலக் கோட்டு இருந்தது, சீவிய தலை இருந்தது. அதன் கையில் நீலக் காகிதம் சுற்றிய நீளமான பொட்டலம் இருந்தது.

அவள் படத்தை ஓடவிட்டாள். அம்மா வழக்கம்போல வலது பக்கம் போனாள். இந்த முறை படத்தைவிட்டு வெளியே போகவில்லை, நேரே அந்த மனிதரிடம் போனாள். என்னவோ சொன்னாள். அவர் தலையை ஆட்டி, அவள் தோளுக்கு மேலாக எட்டி, வெள்ளை கவுனைத் தேடினார். அம்மா அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். அவர் சற்று நேரம் வெறுங்கையோடு நின்றுவிட்டு, வேலிக்கதவைத் திறந்து போய்விட்டார். மறு ஓரத்தில் பதினாலு வயது சிசெல் நாய்க்குக் கேக் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

சிசெல் படத்தைப் பின்னால் ஓட்டி, அவர் முகத்தில் நிறுத்தினாள்.

"யாரு அவரு?" என்றான் யெப்பே. அவன் மாமனாரைப் பார்த்ததே இல்லையே.

"எங்கப்பா." அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

வெர்னர் மாமாதானே கேமராவுக்குப் பின்னால் நின்றார்? அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் அடுத்தவர் குடும்பச் சண்டையில் மூக்கை நுழைப்பதைவிட நாக்கைக் கடித்துக்கொண்டு சாவது மேல் என்று நினைக்கிற ஊர் இது. இதை மரியாதை என்றுதான் இங்கே சொல்கிறார்கள். மாமா மரியாதையாகவே செத்துப்போனார்.

கதவு திறந்தது. இன்று இந்தப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லியிருந்தும் இங்கர் மேசைவிரிப்புகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்ததும் விரிப்புகள் நழுவித் தரையில் விழுந்தன.

"அது..." என்றாள். "அது படத்துல கெடையாதே."

"டேப்புல இருக்கும்மா. அவரு வந்தாரா?"

இங்கர் உட்கார்ந்தாள். "வந்தாரு."

"வரலன்னு சொன்னியே! அவர்கிட்ட என்ன சொன்ன?"

"நீ அவர் மூஞ்சியப் பாக்க விரும்பலன்னு சொன்னேன்." விரிப்பு ஒன்றை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "புல்லாங்குழல் வாங்க எங்கிட்ட வசதி ஏது? அதைப் பாத்தா நீ அவர்கூடவே போயிடுவன்னு பயம். அந்த ஒரு நாள் மறைச்சாப் போதும்னுதான் நெனச்சேன். அப்புறம் நீ அவரத் திட்ட ஆரம்பிச்ச. எனக்கு அது நல்லா இருந்துச்சு, சிசெல். கேக்க நல்லா இருந்துச்சு."

சிசெலுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. போனை எடுத்து, தடுத்து வைத்திருந்த எண்களுக்குள் தேடி அந்த ஒன்றை விடுவித்தாள். உடனே கூப்பிட்டாள்.

"ஆஸ்கெர் பேசறேன்" என்றது மறுமுனை.

"நான் சிசெல்" என்றாள்.

மறுமுனையில் நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது.

"என் கன்ஃபர்மேஷனுக்கு நீங்க வந்திருக்கீங்க. இப்பத்தான் பாத்தேன், டேப்புல. நான் ஒண்ணும் சொல்லலப்பா. உங்களப் பாக்க மாட்டேன்னு நான் சொல்லவே இல்ல."

"சொல்லலையா?" என்றார் அவர். பிறகு, "அப்ப கல்யாணத்துக்கு?"

"கல்யாணத்துக்கு என்ன?"

"அதுக்கும் வந்தேனேம்மா. சர்ச்சுக்கு எதுத்தாப்ல பஸ் நிறுத்தத்துல நின்னேன். உங்க ரெண்டு பேர் தலையிலயும் அரிசி எறிஞ்சாங்கல்ல, அது வரைக்கும் பாத்துட்டுத்தான் போனேன். கூப்பிடாத எடத்துக்குள்ள எப்படி வர்றது?"

யெப்பே கார் சாவியை அவள் கையில் வைத்தான். "நாளைக்கு..." என்று எழுந்தாள் அம்மா. சிசெல் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வீட்லதான இருக்கீங்க? அங்கயே இருங்கப்பா" என்றாள். "நான் கெளம்பிட்டேன்."