ஒரு விரற்கடை பெட்ரோல்

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. ஒன்றை மட்டும் கொஞ்ச நேரம் ஒளித்துவைக்கப் போகிறேன். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

1974, ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் ஒன்றேகால் மணி இருக்கும். அடையாறு பாலம் இறங்கியதும் முதல் தெருவில் என் வீடு. ஜன்னலோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு கறுப்பு அம்பாசடர், என்ஜின் சத்தமே இல்லாமல் உருண்டு வந்து என் கேட்டுக்கு நேரே நின்றது. கீரையை மடியிலேயே வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

ஒரு பெண் இறங்கினாள். காரின் பின்பக்கம் போய், பெட்ரோல் மூடியைத் திறந்து, நீளமான ஒரு பிரம்பை உள்ளே விட்டு எடுத்தாள். நுனியைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட விரலைச் சேலையில் துடைக்கவில்லை. பிரம்பு காய்ந்துதான் வந்திருக்கிறது என்று அதில் புரிந்துகொண்டேன். பின் சீட்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. ஒரு காலில் தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு.

என் கண் கண்டது இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஐந்து வருஷமாக நானே எழுதி எழுதிச் சேர்த்தது. அவளுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. சண்முகவடிவு என்று வைத்தேன். குழந்தைக்கு சீதா.

2

தொடக்கம் மட்டும் மூன்று எழுதினேன்.

"தியாகராய நகரின் அந்தப் பெரிய வீட்டு முற்றத்தில் காலை வெயில் இதமாக —" அடித்துவிட்டேன். இதமாக அங்கே ஒன்றுமில்லை.

"சண்முகவடிவு துணிச்சல்காரி." இதையும் அடித்துவிட்டேன். அவள் துணிச்சல்காரி என்றால், எனக்கு ஏன் அடுத்த வரி வரவில்லை?

மூன்றாவது இது. இதைத்தான் வைத்துக்கொண்டேன்:

"கருணாகரன் கார் சாவியை ஹாலில், எல்லோர் கண்ணிலும் படுகிற ஆணியில்தான் மாட்டிவைப்பார்."

கருணாகரன் அவளுடைய கணவர். ஜவுளிக்கடைக்காரர். கடைக்குப் போக அவருக்கு ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள். கார், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஊர் பார்க்க. கல்யாணமான புதிதில் அவரே மனைவியைக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போய் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நாலு பேர் பார்த்து வியந்தபோது அவருக்குப் பெருமையாகவும் இருந்தது. பிறகு ஒருநாள் அவள் யாரையும் கேட்காமல் பெருங்குடியில் இருக்கும் அக்காள் முத்துலட்சுமி வீட்டுக்குத் தனியாக ஓட்டிப் போய்வந்தாள். மறுநாள் காலை அந்தப் பிரம்பு வீட்டுக்கு வந்தது.

தினமும் காலையில் டாங்கில் விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். ஒரு விரற்கடை. அதற்கு மேல் இருந்தால் ரப்பர் குழாய் போட்டு உறிஞ்சி புல்லட்டுக்கு ஊற்றிக்கொள்வார். பெட்ரோல் விலை தலைக்கு மேல் ஏறிய வருஷம் அது. கருணாகரன் சிக்கனக்காரர் என்று தெருவே மெச்சியது. சாவியை ஒளிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லவே இல்லை.

[குழந்தையின் கால் எப்படி முறிந்தது என்பது இங்கே வரவேண்டும். மூன்று தரம் எழுதினேன். மூன்று தரமும் கிழித்துப் போட்டேன். ஆஸ்பத்திரியில் "மாடிப்படியில் விழுந்துவிட்டாள்" என்று எழுதிக்கொடுத்தார்கள். நீங்களும் இப்போதைக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.]

3

என் கதையை முதலில் படிப்பவள் எதிர்வீட்டு கோமளம். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள். எதையும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"ஏன் மாமி, அவ பஸ்ஸுல போயிருக்கப்படாதா? இல்லேன்னா ஒரு டாக்ஸி? இதுக்குப் போய் காரை எடுப்பாளா ஒருத்தி?"

"மாவுக்கட்டு போட்ட குழந்தையை எந்த பஸ்ஸில் ஏற்றுவது? டாக்ஸி ஸ்டாண்டில் நிற்பவர்கள் அத்தனை பேரும் அவர் கடையில் தீபாவளிக்கு வேட்டி வாங்குகிறவர்கள். இவள் ஏறி உட்காருவதற்குள் கடைக்குச் செய்தி போய்விடும்."

"இதெல்லாம் கதைல எழுதணும் மாமி. என் காதுல சொன்னா ஆச்சா?"

எழுதிவிட்டேன், கோமளம்.

4

ஒரு விரற்கடை பெட்ரோலில் கார் எத்தனை தூரம் போகும்? எனக்குத் தெரியவில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் துரைராஜிடம் போய்க் கேட்டேன்.

"இன்னா பெரீம்மா, கார் வாங்கப் போறியா?"

"இல்லப்பா, கதைக்கு."

"கதைக்கா? அப்ப ஃபுல் டாங்க் போட்டுக்கினு போயேன்! எவன் வந்து மூடியத் தொறந்து பாக்கப் போறான்?"

"அப்படிப் போட முடியாதுப்பா. ஒரு விரற்கடைதான்."

அவன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி யோசித்தான்.

"பெட்ரோல் காட்ற முள்ளு அடீல படுத்துக்கினு கீதேன்னு பயப்படக் கூடாது. அப்பவும் ஒரு நாலு மைல் ஓடும். சமமான ரோடுன்னா பரவால்ல. மேடு வந்தாதான் பேஜார். வண்டி மூக்கத் தூக்கிச்சா, இருக்கற பெட்ரோலு பின்னால ஒதுங்கிக்கும். பைப்பு காத்தக் குடிக்கும். வண்டி இருமும் பாரு, மனுசன் மாரியே."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, எறக்கம் இருந்தா உருளும். அதுக்கு மேல நீதான் எறங்கித் தள்ளணும், பெரீம்மா."*

(*அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். வீடு வந்து சேரும்வரை அந்தப் பேச்சு என்னை விடவில்லை.)

தியாகராய நகரிலிருந்து அடையாறு பாலம் நாலு மைல். பெருங்குடி இன்னும் நாலு மைல். வழியில் மேடு என்று ஒன்றே ஒன்றுதான், பாலம்.

5

சரி, கிளம்பிவிடுவோம். மணி பன்னிரண்டே முக்கால். கருணாகரன் சாப்பிட வீட்டுக்கு வருவது ஒரு மணிக்கு.

சண்முகவடிவு குழந்தையைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினாள். பிரம்பையும் எடுத்துக் காரில் போட்டுக்கொண்டாள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கியிருக்காது.

"அம்மா, எங்க போறோம்?"

"பெரியம்மா வீட்டுக்கு. சத்தம் போடாதட்டி."

"அம்மா, இந்தக் கால் நல்லாத்தான இருக்கு?" கட்டுப்போடாத காலைக் காட்டிக் கேட்டது குழந்தை.

"நல்லாருக்கு தாயி. அதுக்குத்தான் போறோம்."

[இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். நீங்களும் குடியுங்கள்.]

வெங்கட்நாராயணா ரோட்டில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. நந்தனத்தில் போலீஸ்காரர் கை காட்டினார். நின்றாக வேண்டும். என்ஜினை ஓடவிட்டால் இருக்கிற சொட்டும் தீரும். அணைத்தால், மறுபடி பிடிக்குமா? அணைத்தாள். சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை.

போலீஸ்காரர் குனிந்து பார்த்தார்.

"இன்னாமா, லேடீஸ் டிரைவரா? வூட்டுக்காரர் எங்க?"

"பின்னால வாராக," என்றாள்.

பொய் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். மணி ஒன்றாகிக்கொண்டிருந்தது.

கை இறங்கியது. சாவியைத் திருப்பினாள். செருமியது. மறுபடி திருப்பினாள். பிடித்துக்கொண்டது. சேமியர்ஸ் ரோடு மரநிழலில் போகும்போது மூச்சைக்கூட மெதுவாக விட்டாள், மூச்சு விட்டாலும் பெட்ரோல் குறையும் என்பதுபோல. கண்ணாடியில் ஒரு புள்ளி தெரிந்தது. சைக்கிள். அடுத்த புள்ளி பால்காரர். அடுத்த புள்ளியைப் பார்க்காமலிருக்கக் கண்ணாடியையே திருப்பிவைத்தாள்.

பாலம் வந்தது. பாதி ஏற்றத்தில் வண்டி இருமியது. துரைராஜ் சொன்னது போலவே, மனுசன் மாதிரி. உச்சிக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது என்ஜின் நின்றது. ஓடிவந்த வேகம் மட்டும் மிச்சம். அந்த வேகமும் தளர்ந்து, தளர்ந்து, சக்கரம் நிற்கப் போகிற நேரத்தில் கார் உச்சியைத் தாண்டித் தலையைக் கவிழ்த்தது. நியூட்ரலில் விட்டாள். காற்றின் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. இறக்கம் முடிந்து, தெரு திரும்பி, என் வாசல்.

6

முடிவுக்கு வந்துவிட்டோம்.

கோமளம் கெஞ்சினாள். "பெருங்குடி வரைக்கும் கொண்டு விட்டுடுங்கோ மாமி. உங்க கையிலதானே பேனா இருக்கு? நாலு மைல்தானே!" எழுதிப் பார்த்தேன். முத்துலட்சுமி வாசலுக்கு ஓடி வந்தாள், தங்கையைக் கட்டிக்கொண்டாள், குழந்தைக்குப் பால் காய்ச்சினாள். துரைராஜுக்குப் படித்துக் காட்டினேன். "அந்த பெட்ரோலுக்கு இம்மாந்தூரம் ஓடாது பெரீம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

இன்னொரு முடிவில் கருணாகரன் வந்து காரின் கதவைத் —

இல்லை. இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

7

என் கண் கண்டது இவ்வளவுதான் என்று முதலில் சொன்னேன். காது கேட்டதைச் சொல்லவில்லை.

அவள் என் கதவைத் தட்டினாள்.

"அம்மா, உள்ள யாரும் இருக்கீகளா? என்னை விடுங்க, பிள்ளையை மட்டுமாவது உள்ள வச்சுக்கிடுங்கம்மா."

அந்தத் தெற்கத்திப் பேச்சை வைத்துத்தான் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தேன். நான் எழுந்து கதவருகே போய்விட்டேன். தாழ்ப்பாளில் கையும் வைத்துவிட்டேன். தூரத்தில், பாலத்தின் மேல், புல்லட் சத்தம். டுப், டுப், டுப் என்று. வீட்டில் நான் ஒருத்தி. யாரோ, எந்த வீட்டு வம்போ. கை தாழ்ப்பாளிலேயே இருந்தது. அவள் இரண்டாம் முறை தட்டினாள். மூன்றாம் முறையும் தட்டினாள். பிறகு தட்டவில்லை.

மோட்டார் சைக்கிள் தெருவுக்குள் வந்தது. நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி கிளம்பிப் போனது.

நான் கதவைத் திறந்தபோது காரின் நாலு கதவும் திறந்து கிடந்தன. உள்ளே யாருமில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் ஏதாவது சந்தில் புகுந்துவிட்டாளா, அந்த மோட்டார் சைக்கிள் அவர்களைக் கொண்டுபோய்விட்டதா, எனக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தில் விசாரிக்கவும் எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் யாரோ வந்து காரைக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள்.

அதனால்தான் இதை எழுதிக்கொண்டே இருக்கிறேன். எத்தனை தரம் எழுதினாலும் கார் அதே இடத்தில்தான் நிற்கிறது. எத்தனை தரம் எழுதினாலும் கதவுக்குப் பின்னால் நானே நிற்கிறேன். கையும் அதே இடத்தில்தான்.

இந்த முறை நான் கொஞ்சம் நகர்ந்துகொள்கிறேன், என் இடத்தில் நீ வந்து நில். அவள் இரண்டு முறை தட்டிவிட்டாள். புல்லட் இப்போதுதான் பாலத்தின் உச்சியில் இருக்கிறது. இறங்கி வர அரை நிமிஷம் ஆகும்.

தாழ்ப்பாள் சற்று இறுக்கம், கண்ணு. மேலே தூக்கி இழுக்க வேண்டும்.