கொடுத்தவளும் சுமந்தவளும்

அக்காவுக்குக் கருப்பை செய்வதுதான் வேலை. பெரிய அருங்காட்சியகம் ஒன்றின் பின்கட்டில், மாதிரி உருவங்கள் செய்யும் பட்டறையில், சிலிகானை அச்சில் ஊற்றி, நிறம் தீட்டி, உள்ளே சுருண்டு கிடக்கும் பிள்ளையின் விரல் நகம்வரை செதுக்குவாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவள் கணவன் முந்திக்கொண்டு, "எங்க வீட்டம்மா பிள்ளை செய்யறாங்க" என்பான். கல்யாணமான புதிதில் அவளும் சேர்ந்து சிரித்தாள். வருஷங்கள் போகப் போக அவனே அதைச் சொல்வதை விட்டுவிட்டான்.

பிள்ளைப் பேறு பற்றி ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் டாக்டரம்மா அவளை உட்காரவைத்துச் சொன்னார். கருப்பையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கருமுட்டைகள் வயதுக்கு முன்பே தீர்ந்துவிட்டன. வேறொரு பெண் முட்டை கொடுத்தால் சுமக்கலாம், பெறலாம்.

வீட்டுக்கு வந்து அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அவள் கணவன்தான் தங்கைக்குப் போன் செய்தான். தங்கை நகரப் பேருந்து ஓட்டுகிறவள். கல்யாணமும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம் என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டு, சொன்னபடியே நிம்மதியாக இருப்பவள். வேலை முடிந்து சீருடையோடு நேராக வந்தாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"என்கிட்ட சும்மாதானே கிடக்கு. எடுத்துக்கோ" என்றாள்.

"சட்டை, புடவை மாதிரி பேசாதடி."

"சரி, மரியாதையா சொல்றேன். தயவுசெஞ்சு எடுத்துக்கோ."

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். தங்கையும் பின்னாலேயே போனாள்.

"நாளைக்கு அது உன் சாயல்ல வந்து நின்னா? நீ அதைப் பார்க்கிறப்போ எல்லாம் உனக்கு என்ன தோணும்? எனக்கு என்ன தோணும்?"

"நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. எவ மூக்குன்னு எவ கண்டுபிடிக்கப் போறா?"

அக்கா சிரிக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். தங்கை குழாயை மூடினாள்.

"நீதானே ஒரு நாள் பட்டறையில காட்டின? வயித்துக்குள்ள இருக்கிற பெண் குழந்தை. அதோட உடம்புக்குள்ள முட்டை எல்லாம் அப்பவே உண்டாகிடும், பிறந்தப்புறம் புதுசா எதுவும் வராதுன்னு சொன்னியே. அப்போ என்கிட்ட இருக்கிறது எல்லாம் எங்க உண்டானது? அம்மா வயித்துல. நீ கிடந்த அதே இடத்துல. அது எனக்கு மட்டும் சொந்தம்னு நீ எப்படிச் சொல்லுவ?"

அவர்கள் அம்மா போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அக்கா ஈரக் கையோடு தங்கையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சீருடைச் சட்டை நனைந்தது. கூடத்தில் அவள் கணவன் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

தினமும் அடிவயிற்றில் ஊசி. நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி தானே போட்டுக்கொள்வதாகத் தங்கை வீறாப்பாகச் சொன்னாள். முதல் நாளே ஊசியைத் திரும்ப டப்பாவில் வைத்துவிட்டாள். அப்புறம் அக்காதான் பேருந்துப் பணிமனையின் ஓய்வறைக்கு வந்து போட்டுவிட்டுப் போவாள். உருவங்கள் செய்து பழகிய கை என்பதால் ஊசி இறங்குவதே தெரியாது. வயிறு உப்பிக்கொண்டு வந்தது. கால்சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. "இந்த வயித்தை எந்த ரூட்டுல வாங்கின?" என்று கூட வேலை செய்யும் கண்டக்டர் கேலி செய்தார். விஷயம் தெரிந்ததும், அவள் குனிந்து எதையும் எடுக்க அவர் விடவில்லை. கடைசி நாட்களில் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்கா வீட்டிலேயே படுத்திருந்தாள்.

முட்டைகளை எடுத்து, அத்தானின் விந்தோடு சேர்த்து, ஆய்வகத்தில் வளர்த்தார்கள். கருப்பையில் வைப்பதற்கு முன் ஒரு கருவைத் திரையில் காட்டினார்கள். அக்கா பட்டறையில் எத்தனையோ கருக்களை உருண்டையாக, வழவழப்பாகச் செய்திருக்கிறாள். இது ஒரு பக்கம் சற்றுப் பிதுங்கி இருந்தது.

"கொஞ்சம் கோணலா இருக்கே" என்று தங்கை கவலைப்பட்டாள்.

"மேல் ஓட்டை உடைச்சுக்கிட்டு வெளிய வரப் பார்க்குது. நல்லதுதான்" என்றார் ஆய்வகப் பெண்.

கோணலும் அக்காவுக்கு அழகாகத்தான் இருந்தது.

ஆனால் அது தங்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டுவிட்டு அக்கா, "சரி, இன்னொரு கரு உறையவச்சு இருக்கில்ல" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் வேலைக்குப் போனாள். தங்கைதான் போனை எடுக்கவில்லை. வண்டி ஓட்டினாள், அறைக்குப் போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள். கண்டக்டர் அக்காவைத் தேடி வந்து, "நிறுத்தத்துல நிக்காமயே தாண்டிப் போயிட்டாங்கம்மா. ஒருநாளும் அப்படிச் செய்யமாட்டாங்க" என்றார்.

அக்கா அவளைக் கட்டாயப்படுத்தி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனாள். கண்காட்சி இன்னும் திறக்கப்படவில்லை. கூடத்தில் அவர்கள் இருவர் மட்டும். ஒரு சுவரோரம் அக்கா செய்த கருக்கள், சிறிதிலிருந்து பெரிதாக. நடுவில் கண்ணாடிக்குள் பல தேசத்து மண் பொம்மைகள்: பெருத்த இடுப்பு, கனத்த மார்பு, முகமே இல்லாத பெண்கள். எந்தக் காலத்திலோ யாரோ பிள்ளை வேண்டிக் கையில் வைத்திருந்திருக்கலாம் என்றாள் அக்கா. எதிர்ச் சுவரில் புராணப் படங்கள். குடத்திலிருந்து ஒரு முனிவர் எழுந்து வந்தார். ஒரு குழந்தைக்கு ஆறு பெண்கள் பாலூட்டினார்கள். கடைசிப் படத்தில் ஒரு தேவதை, சிறையிலிருந்த தாயின் வயிற்றிலிருந்து கருவை எடுத்து, தூரத்தில் இருந்த இன்னொருத்தியின் வயிற்றுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

தங்கை அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டாள்.

"இந்தக் கதையில சுமந்து பெத்தவளை எல்லாரும் சொல்லுவாங்க. சிறையில இருந்து கொடுத்தவளுக்கு அப்புறம் மனசு எப்படி இருந்துச்சாம்?"

"தெரியலடி. யாரும் எழுதி வைக்கலை."

தங்கை படத்திலிருந்து திரும்பினாள். "எனக்குப் பிள்ளையே வேண்டாம்னு சொன்னவ நான். இப்பவும் வேண்டாம்தான். அப்புறம் ஏன் எனக்கு இப்படி நெஞ்சை அடைக்குது? போனது உன் பிள்ளை. நீயே அழலை. நான் அழறதுக்கு என்ன இருக்கு?"

"நான் அழுதா நீ உடைஞ்சு போவேன்னுதான் அடக்கிக்கிட்டு இருந்தேன்."

"நான் அழுதா நீ சங்கடப்படுவேன்னு நான் கதவைச் சாத்திக்கிட்டேன்."

அதைச் சொல்லும்போதே இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு முடிவதற்குள் அழுகையாகிவிட்டது. பார்வையாளர்களுக்காகப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து, காவலாளி எட்டிப் பார்த்துவிட்டு ஓசையில்லாமல் திரும்பிப் போகும் அளவுக்கு அழுதார்கள். பிறகு அக்கா கைக்குட்டையால் தங்கையின் மூக்கைத் துடைத்துவிட்டாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவள்போல.

"இனிமே நல்லதோ கெட்டதோ, சேர்ந்தே இருப்போம். ஒளிச்சுவச்சு அழற வேலை வேண்டாம்."

இரண்டாவது தங்கியது. மசக்கையில் அக்கா வாந்தி எடுத்து ஓய்ந்து கிடந்தபோது, "இதை நல்லவேளை நீயே வச்சுக்கிட்ட" என்று தங்கை காலைப் பிடித்துவிட்டாள். பெண் குழந்தை பிறந்தது. தங்கை எடுத்துப் பார்த்துவிட்டு, முத்தம் கொடுத்து, அக்காவின் மார்பில் படுக்கவைத்தாள். கொடுக்கும்போது கை தயங்குமோ என்று பல மாதங்களாகப் பயந்திருந்தாள். தயங்கவில்லை. அன்று அவள் நன்றாகத் தூங்கினாள்.

குழந்தையிடம் எதையும் மறைப்பதில்லை என்று மூவரும் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் எப்படித் தொடங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. சில வருஷம் கழித்து ஒரு விடுமுறை நாள் காலையில், எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருந்தபோது, மகள் ஆரஞ்சை உரித்துக்கொண்டே, தான் எங்கிருந்து வந்தேன் என்று கேட்டாள். அத்தான் அவசரமாகக் காபியை எடுத்துக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை தலையசைத்தாள்.

"நீ வளர்றதுக்கு ஒரு குட்டி முட்டை வேணும். அம்மாகிட்ட அது தீர்ந்து போச்சு. சின்னம்மா தன்கிட்ட இருந்ததைக் கொடுத்தா. அப்பாவும் தன் பங்கைக் கொடுத்தாரு. அம்மா உன்னை வயித்துல வச்சு வளர்த்தேன்."

மகள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதனாலதான் சின்னம்மாவா?"

தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தச் சொல்லை மகள் பேசத் தொடங்கியதிலிருந்து கேட்கிறாள்; ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

"ஆமா," என்றாள் அக்கா. "அதனாலயும்தான்."

மகள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, ஆரஞ்சைச் சுளை சுளையாகப் பிரித்து எல்லோருக்கும் பங்கு வைத்தாள். அப்பாவுக்கு மட்டும் ஒரு சுளை குறைந்தது. அவன் கிடைத்ததை வாயில் போட்டுக்கொண்டான்.