ஏழு கால் தையலம்மா

ஒட்டடை அடிக்காதே என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் எங்கள் டீச்சர்தான். இந்தப் பள்ளிக்கூடத்தில் ஆயாவாகச் சேர்ந்ததிலிருந்து துடைப்பமும் கையுமாகவே இருக்கிறேன். மூலையில் ஒரு நூல் தெரிந்தால் போதும், கை பரபரக்கும். ஆனால் அந்த மாதம் சின்னப் பிள்ளைகளுக்குச் சிலந்திப் பாடம். "ஒண்ணையும் கலைச்சிடாதீங்க ஆயாம்மா, பிள்ளைங்க பாக்கணும்" என்று சொல்லிவிட்டார். வகுப்பறை பேய் வீடு மாதிரி ஆகிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு பெஞ்சை மட்டும் துடைத்தேன்.

பழைய மீன் தொட்டி ஒன்றில் குச்சிகளைச் சாய்த்து, மேலே கொசுவலைத் துணி கட்டி, ஒரு சிலந்தியை விட்டிருந்தார் டீச்சர். கழிப்பறை ஜன்னலில் நான் அடித்துத் தள்ளியிருக்க வேண்டிய சிலந்தி அது. குச்சிக்குக் குச்சி நூல் இழுத்து வலை பின்னியதால் பிள்ளைகள் அதற்குத் தையலம்மா என்று பேர் வைத்தார்கள். காலையில் வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு ஓடுவார்கள். நான் பிடித்து வைத்த ஈயை யார் உள்ளே விடுவது என்று தினமும் குடுமிப்பிடிச் சண்டை நடக்கும்.

சண்டைக்கு வராமல் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்பவள் ஒருத்தி மட்டும்தான். ஆள் சிறிசு, கோபம் பெரிசு. அதனால் அவளை மிளகு என்று கூப்பிடுவோம். வெளியூர் ஆஸ்பத்திரியில் கிடந்த அவள் அம்மா கொஞ்ச நாள் முன்புதான் செத்துப்போயிருந்தாள். மிளகுக்கு அது தெரியாது. அங்கேயே காரியத்தை முடித்துவிட்டு வந்த அவள் அப்பா, "அம்மாவுக்கு இன்னும் சரியாகல, சரியானதும் வருவாங்க" என்று சொல்லி வைத்திருந்தார். லோடு வண்டி ஓட்டுகிறவர், மலை மாதிரி மனுஷன். எங்களிடம் வந்து, "நீங்களும் அப்படியே சொல்லுங்க. எனக்கு வாயில வரமாட்டேங்குது" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நாங்கள் சரி என்று தலையாட்டினோம்.

மிளகு வகுப்பில் எதைச் செய்தாலும் அது அம்மாவுக்குத்தான். காகிதத் தட்டில் நூல் கோத்த வலை, களிமண் சிலந்தி, விரலை மையில் தொட்டு வைத்த சிலந்திக் குஞ்சுகள் எல்லாவற்றையும் சாயங்காலம் அப்பா கையில் கொடுப்பாள். "அம்மாகிட்ட மறக்காம குடுத்துடுங்க" என்பாள். அவரும் வாங்கிக்கொண்டு போவார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் உள்ளே போய்விடுவேன்.

ஒருநாள் கறுப்புத் தாளில் உடம்பு வெட்டி, கம்பியில் கால் ஒட்டும் வேலை. சிலந்திக்கு எட்டுக் கால் என்று டீச்சர் பாட்டே கட்டியிருந்தார். மிளகின் சிலந்திக்கு ஏழுதான் இருந்தது.

"எண்ணிப் பாரு செல்லம், ஒண்ணு கொறையுது."

"தையலம்மாவுக்கு இவ்ளோதான் டீச்சர்."

டீச்சர் சிரித்துக்கொண்டே எட்டாவது காலை ஒட்டினார். மிளகு பிய்க்கப் பார்த்தாள். அவளுக்கு எட்டாத உயரத்தில் அதைச் சுவரில் மாட்டிவிட்டார். "என்ன அடம், என்ன அடம்!" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். தொட்டி பக்கத்திலேயேதான் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று காலை, தையலம்மா கால்களைச் சுருட்டிக்கொண்டு தொட்டியின் அடியில் கிடந்தது. டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எல்லாப் பிள்ளைங்களும் பாக்கலாம் ஆயாம்மா. மிளகு எப்படிப் பாப்பா? செத்துப்போறதுன்னா என்னன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"இவ்வளவுதானே? ஸ்டோர் ரூம்ல இதே மாதிரி ஒண்ணு இருக்கு. பிடிச்சிட்டு வரேன்" என்றேன்.

கொண்டுவந்து விட்டேன். அதே நிறம், அதே அளவு. அச்சு அசலாக அதேதான் என்று எனக்கே பெருமை. செத்ததைக் குப்பையில் போட மனம் வராமல் டீச்சர் ஒரு தாளில் மடித்து மேஜை டிராயரில் வைத்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அன்றைக்குக் கம்பளி நூல் விளையாட்டு. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, நூல் பந்தை ஒருவருக்கொருவர் உருட்டி, அவரவர் நூலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் பெரிய வலை உருவாகும். பாதி விளையாட்டில் மிளகு நூலை விட்டுவிட்டு எழுந்து தொட்டிக்குப் போனாள். வலை அவள் பக்கம் தொய்ந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். அவள் திரும்பவில்லை.

"இது தையலம்மா இல்ல."

"அதேதாண்டி கண்ணு" என்றேன் நான்.

"தையலம்மாவுக்கு ஏழு காலு. இதுக்கு எட்டு."

டீச்சர் குனிந்து பார்த்தார். எண்ணும்போது அவர் உதடு அசைந்தது. பிறகு, "கால் முளைச்சிருக்கும்மா. சிலந்திக்கு அப்படி முளைக்கும்" என்றார். மற்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். மிளகு கைதட்டவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டீச்சர், ஆஸ்பத்திரிலேர்ந்து வேற அம்மா வந்தா, அப்பவும் அதுதான் உங்கம்மான்னு எல்லாரும் சொல்வீங்களா?"

பிள்ளை அழக்கூடாது என்று நாங்கள் செய்த கெட்டிக்காரத்தனம் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது!

டீச்சர் எழுந்துபோய் டிராயரைத் திறந்தார். தாளைப் பிரித்துத் தரையில் வைத்தார். பிள்ளைகள் சத்தமில்லாமல் நெருங்கி வந்தார்கள்.

"தூங்குதா?" என்றது ஒன்று.

"இல்ல. செத்துப்போச்சு. நீங்க அழுவீங்கன்னு வேற ஒண்ணைக் கொண்டுவந்து விட்டோம். அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது."

மிளகு விரலை நீட்டி, தொடாமல், எண்ணினாள். ஏழு. "இதான் தையலம்மா" என்றாள். பிறகு நிமிர்ந்து, "எங்கம்மா?" என்றாள்.

"அப்பாவை வரச் சொல்றேன்டா. அவர் சொல்லுவார்" என்றார் டீச்சர்.

பாதி லோடோடு வந்து நின்றார் அவள் அப்பா. வராந்தாவிலேயே வெடித்தார். "உங்களை நம்பித்தானே விட்டேன்! ஒரு பூச்சி செத்ததுக்கு இவ்வளவும் பண்ணணுமா?" டீச்சர் தலை குனிந்து நின்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "உங்க பொண்ணு என்ன கேட்டா தெரியுமா?" என்று அவள் கேட்டதை அப்படியே சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மற்ற பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பியிருந்தோம். அவர் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்து மிளகைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"அம்மா செத்துட்டாங்கம்மா. இனிமே வரமாட்டாங்க. அப்பா உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"வேற யாரும் வரமாட்டாங்கல்ல?"

"மாட்டாங்கம்மா. யாரும் வரமாட்டாங்க."

மிளகு தலையாட்டினாள். ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி நின்றாள்.

"நான் குடுத்துவிட்டதெல்லாம்?"

"வண்டியில இருக்கு. ஒண்ணுகூடத் தொலைக்கல."

"அம்மா பாக்கவே இல்லையா?"

"பாக்கலம்மா."

அப்போதுதான் அழுதாள். எத்தனையோ பிள்ளைகளின் அழுகையை அடக்கியிருக்கிறேன். அன்று அடக்கத் தோன்றவில்லை. டீச்சரும் அழுதார், நானும் அழுதேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் சுவரைக் காட்டி, "அதுவும் வேணும்" என்றாள். டீச்சர் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தார். கொடுப்பதற்கு முன் தான் ஒட்டிய காலைப் பிய்த்தார். பசை கெட்டியாகப் பிடித்திருந்ததால் கொஞ்சம் கறுப்புத் தாளும் சேர்ந்து கிழிந்து வந்தது. மிளகு வாங்கி எண்ணிப் பார்த்தாள். வழக்கம்போல அப்பா கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.