ஐந்தாம் நாள் சீட்டு

வந்திருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். வாசலை ஒட்டிய மேசையில் கடைக்காரர் தேவசகாயம். முதல் தடுப்பில் ஸ்ரீகர், கல்லூரியில் மூன்றாம் வருடம் படிப்பவன். இந்த விளையாட்டை எங்களுக்குக் காட்டியவன் அவன்தான். இரண்டாம் தடுப்பில் ஸுபத்ரா டீச்சர், பள்ளியில் கணக்கு எடுப்பவர். மூன்றாம் தடுப்பில் நான், அகிலா, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் தட்டச்சர். என் நாற்காலிக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் என் சித்தி மகன் குமாரவேல், தறிக்காரன். அவனுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் கிடையாது. யார் எழுந்தாலும் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வான்.

இடம், சின்ன காஞ்சிபுரத்தில் தேவசகாயத்தின் பிரவுசிங் சென்டர். நாள், 2003 ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. கூடிய காரணம், நாங்கள் நான்கு பேர் நான்கு பேர்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

ஜப்பானில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுமோ மல்யுத்தப் போட்டி நடக்கும். பதினைந்து நாள், நாளுக்கு இருபது ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் யார் ஜெயிப்பார் என்பதை நம் ஊர் நேரம் பதினொரு மணிக்குள் இணையப் பக்கத்தில் குறிக்க வேண்டும். சரியாகச் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மறுநாள் அந்த நாளின் மொத்தப் புள்ளியை மட்டும் காட்டுவார்கள். மல்லர்களின் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. அதனால் ஆலமரம், பட்டுமூட்டை, சின்னத்தேர் என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

அந்தப் பக்கத்தில் ‘முதல்கள்’ என்று ஒரு பட்டியல் உண்டு. இந்தியாவிலிருந்து சேர்ந்த முதல் ஆள், ஸ்ரீகர். ஒரே நாளில் இருபதுக்கு இருபது சொன்ன முதல் பெண், ஸுபத்ரா டீச்சர். ஒரே நாளில் இருபதையும் தப்பாகச் சொன்ன முதல் ஆள், எங்கள் குமாரவேல். “இருபதும் தப்பா சொல்றது சும்மா இல்லக்கா, அதுக்கும் ஒரு கை வேணும்” என்று எங்கள் பிள்ளையார்பாளையம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மே மாதப் போட்டி முடிந்த மறுநாள் என் பெயர் ஏறியது. ஒரே போட்டியில் இருநூறு புள்ளியைத் தொட்ட முதல் ஆள், அகிலா, காஞ்சிபுரம். அதுவரை யாரும் நூற்றுத் தொண்ணூற்றாறைத் தாண்டியதில்லை.

சங்கத்தில் எட்டு வருடமாகக் கடிதம் எழுதுகிறேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் என் கை. அடியில் இருப்பது செயலாளர் கையெழுத்து. என் பெயர் என் பெயராகவே ஒரு இடத்தில் எழுதப்பட்டிருந்தது அந்தப் பட்டியலில்தான்.

பத்தொன்பது நாள் இருந்தது. இருபதாம் நாள் எங்கள் நான்கு பெயர் மேலும் கோடு போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘நான்கு பெயர்களில் ஆடியவர் ஒருவரே. நீக்கப்பட்டது.’

காரணம் ஐந்தாம் நாள். அன்று வரதராஜப் பெருமாள் கருடசேவை. காந்தி ரோட்டில் ஊசி நுழைய இடமில்லை, பஸ் இல்லை. ஸ்ரீகர் பெருமாளுக்கு முன்னால் பிரபந்தம் பாடும் கோஷ்டியில் சேவித்துக்கொண்டு போனான். டீச்சர் வீட்டில் முப்பது விருந்தாளிகள். என்னால் பிள்ளையார்பாளையத்தைத் தாண்டவே முடியாது. முந்தின நாளே மூவரும் எங்கள் தேர்வுகளைச் சீட்டில் எழுதி, ரகசியச் சொல்லோடு குமாரவேலிடம் கொடுத்துவிட்டோம். அவன் விடியற்காலையில் சேவை பார்க்கப் போய், அப்படியே இங்கே வந்து, ஒரே கம்ப்யூட்டரில் பதினொரு நிமிடத்தில் நான்கு பேருக்கும் குறித்துவிட்டான்.

மூன்று மின்னஞ்சல் அனுப்பினோம். ஒரு வரியில் பதில் வந்தது: ‘முடிவு இறுதியானது.’ அதன் பிறகு நாங்கள் அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தது. பக்கத்தின் அடியில் நெதர்லாந்தில் ஒரு தபால் முகவரி இருந்தது. காகிதத்தைத் திருப்பி அனுப்ப அவர்களால் முடியுமா பார்க்கிறேன் என்று தோன்றியது. நான் தமிழில் எழுத, ஸ்ரீகர் ஆங்கிலமாக்க, நானே டைப் அடிப்பது என்று ஏற்பாடு.

“ஆரம்பத்துலயே திட்டிடாதீங்கக்கா” என்றான் ஸ்ரீகர்.

“திட்டல. ‘தாங்கள் கண்ணால் காணாத நால்வரை ஒருவர் என்று முடிவு செய்த தங்கள் துணிச்சலைக் கண்டு வியக்கிறோம்.’ இதுல எங்க திட்டு?”

“எல்லா எழுத்துலயும் இருக்கு” என்றார் டீச்சர். “ஆனா எடுத்துடாதே. நன்னா இருக்கு.”

“என்னையும் டீச்சரையும் ஒரே ஆளுன்னு சொல்லிக்கினான் பாரு” என்றான் குமாரவேல். “எனக்கு ஏழாம் வாய்ப்பாடே வராது.”

“அது அவாளுக்கு எப்படித் தெரியும்? சொல்லிடலாம், இணைப்பு ஒன்றுன்னு போட்டு” என்றார் டீச்சர்.

நால்வரும் சிரித்தோம். யார் எங்கே உட்காருவோம் என்ற படத்தை வரைந்து முடித்தேன். படத்தை யாரும் வரையலாம், வேறு சாட்சி வேண்டும் என்றேன். அப்போதுதான் தேவசகாயம் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கம்பியை எடுத்தார். பழைய காகிதங்களைக் குத்தி வைக்கும் கம்பி.

“கருடசேவை அன்னிக்கு இவன் வுட்டுட்டுப் போன சீட்டுங்கமா. உங்க மூணு பேருது, அவனுதும் ஒண்ணு. கையெழுத்து நாலும் நாலு தினுசா இருக்குது பாருங்க. இதை அனுப்புங்க. அப்புறம் எவன் பேசறான்னு பார்ப்போம்.”

எழுந்து நின்று அவரைக் கும்பிட்டேன். டீச்சரின் அச்சுப்போன்ற எழுத்து, ஸ்ரீகரின் கிறுக்கல், என் சாய்வெழுத்து, குமாரவேலின் கோழிக்கால். இதைவிட என்ன வேண்டும்?

எதையும் சரிபார்க்காமல் இணைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஐந்தாம் நாள் முடிவுகளைத் திரையில் எடுத்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். டீச்சருக்குச் சரி. ஸ்ரீகருக்குச் சரி. குமாரவேலுக்கு ஐந்துதான், அதுவும் சரி. என் சீட்டில் பதின்மூன்று வந்தது. இணையப் பக்கம் எனக்கு அன்று கொடுத்திருந்தது பதினான்கு.

மறுபடி எண்ணினேன். டீச்சர் வாங்கி எண்ணினார். பதின்மூன்று. ஒரு ஜோடியில் நான் ஆலமரம் என்று எழுதியிருந்தேன். அன்று ஆலமரம் சின்னத்தேரிடம் தோற்றிருந்தார்.

ஸ்டூல் பக்கம் திரும்பினேன். குமாரவேல் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“டேய்.”

“ஆலமரத்துக்குத் தோள்ல கட்டுக்கா. அன்னிக்குக் காலைல படம் போட்டிருந்தான். நீ பாக்கல. சரி, சின்னத்தேரைப் போடுவோம்னு மாத்திட்டேன்.”

“யாரைக் கேட்டு மாத்தின?”

“கோர்வைச் சேலைய ரெண்டு பேரு சேர்ந்து நெய்யறோம், நான் எதிர்க்கரைக்கு நாடா போடறவன்கா. ஒரு இழை விட்டுப்போனா, தறில உக்காந்துக்கினு இருக்கறவரைக் கேட்டுக்கினா இருப்போம்? எடுத்துப் புடிச்சுட்டு போய்க்கினே இருக்கறதுதான் வேலை. சொன்னா அவரு கை நின்னுடும்.”

“இது தறி இல்லடா! என் சீட்டு!”

“நல்லதுக்குத்தானே செஞ்சேன்?”

“இருபதும் தப்பாச் சொன்னவன் நீ. உன் நல்லதை நான் கேட்டேனா? பதினஞ்சு நாள், முந்நூறு ஜோடி, ஒவ்வொண்ணையும் நான் உக்காந்து யோசிச்சேன். எல்லாத்தையும் எச்சில் பண்ணி வெச்சிருக்கே. அப்புறமாச்சும் ஏன் சொல்லல?”

“இருநூறு வந்ததும் நீ அழுதியேக்கா” என்றான். “அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?”

அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது. கையிலிருந்த படத்தை மேசையில் அறைந்தேன். தேவசகாயம் ஓசைப்படாமல் தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தார்.

“நூத்துத் தொண்ணூத்தொம்பதானாலும் நீதானேம்மா முதல்” என்றார் டீச்சர்.

“பட்டியல்ல அதுக்கு இடமில்ல டீச்சர். நூறு, நூத்தம்பது, இருநூறு. அவ்வளவுதான்.”

“உங்க சீட்டை வைக்காதீங்கக்கா, மத்த மூணு போதும்” என்றான் ஸ்ரீகர்.

“அப்ப மூணு பேர்னுதான் ஆகும். நாலாவது ஆள் எங்கேன்னு கேப்பான்.”

குமாரவேல் மெதுவாகச் சொன்னான். “புதுசா ஒண்ணு எழுதிடு. உன் கைதானே? ஆலமரத்துக்குப் பதிலா சின்னத்தேரு.”

ஒரு நிமிடம் நான் பேனாவை எடுத்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். வெள்ளைத்தாள் முன்னால் இருந்தது. தடுக்க யாரும் வரவில்லை; மற்ற நால்வருக்கும் சம்மதம்தான். சங்கத்தில் இப்படி எத்தனையோ தாள்களைத் தேதி மாற்றித் திரும்ப எழுதியிருக்கிறேன். அவற்றுக்கெல்லாம் கீழே செயலாளர் கையெழுத்து. இதற்குக் கீழே என் பெயர் வரும்.

தாளைக் கசக்கிக் குமாரவேல் மேல் எறிந்தேன்.

“இனிமே என் சீட்டைத் தொட்டே, விரலை உடைப்பேன்.”

“சரிக்கா.”

“எழுந்து அப்படித் தள்ளி உக்காரு.”

அவன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போனான். நான் கடிதத்தின் மூன்றாவது பத்தியை அடித்துவிட்டு வேறு எழுதினேன். அது இது:

‘இணைத்துள்ள நான்கு சீட்டுகள் நான்கு பேர் கையால் எழுதப்பட்டவை. என் சீட்டின்படி ஐந்தாம் நாள் எனக்குப் பதின்மூன்று புள்ளிகளே. குறித்தவர் அதில் ஒன்றை என் அனுமதியின்றி மாற்றியிருக்கிறார். ஆகவே என் மொத்தம் 199. இருநூறைத் தொட்ட முதல் ஆள் என்ற இடத்தை நானே விட்டுக்கொடுக்கிறேன். நீங்கள் பறித்ததாக இருக்க வேண்டாம். ஆனால் நாங்கள் ஒருவர் என்று எழுதியது பொய். அந்த வரியை எடுக்க வேண்டும். மற்ற மூவர் பெயர் மேலுள்ள கோட்டையும் எடுக்க வேண்டும். ஜூலைப் போட்டிக்கு என் கணக்கைத் திறந்துவிட வேண்டும். இருநூறு அங்கேயே இருக்கட்டும். வந்து எடுத்துக்கொள்கிறேன்.’

ஸ்ரீகர் படித்துவிட்டு, “கணக்கைத் திறந்து விடுவாங்களா, தெரியலக்கா” என்றான்.

“விடலைன்னா அடுத்த கடிதம். என்கிட்ட தாள் தீராது.”

அவன் ஆங்கிலமாக்கி முடித்ததும் இரண்டு பிரதி டைப் அடித்தேன். இணைப்பு ஒன்று, அமர்ந்த இடங்களின் படம். இணைப்பு இரண்டு, நான்கு சீட்டுகள். இணைப்பு மூன்று, மல்லர்களுக்கு நாங்கள் வைத்த பெயர்களும் அவர்களுடைய உண்மைப் பெயர்களும். கீழே அகிலா என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கையெழுத்திட்டேன். பிறகு டீச்சரும் ஸ்ரீகரும் போட்டார்கள். நான்காவது ஆள் வாசலில் நின்றான்.

“வந்து போடு” என்றேன். “உன் கோழிக்காலும் இருந்தாத்தான் நாலு.”

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் தபாலாபீசுக்குப் போனேன். குமாரவேல் தறியை நிறுத்திவிட்டு வந்து பத்தடி தள்ளியே நின்றான். கோந்து டப்பாவில் குச்சியைத் தோய்த்து உறையின் வாயில் தடவி, கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தினேன். அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயரைப் பெரிதாக எழுதினேன். கவுண்டரில் இருந்தவர் எடை பார்த்து, தபால்தலை ஒட்டி, முத்திரையை ஓங்கிக் குத்தி, பின்னாலிருந்த சாக்கில் போட்டார்.