எல்லோருக்கும் ஒரே காயம்

ஒரே கம்பெனியின் வாட்டர் ஹீட்டர்கள் வெடித்ததற்கு நஷ்டஈடு கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வலது காது கேட்காமல் போனது. அதே வாரத்தில் அவர்களுடைய சொந்தக் காயங்கள் ஆறிவிட்டன. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில், நஷ்டஈடு வாங்கித் தருவதாகப் பலகை மாட்டியிருந்த அலுவலகத்தின் மேனேஜர் சோம்பேறி. முதலில் வந்த லாரி டிரைவருக்கு வெடித்த சத்தத்தில் வலது காது போயிருந்தது. அவர் சொன்னதையே, பெயரை மட்டும் மாற்றி, பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் டைப் அடித்து, படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கினார். மனுவில் இருந்த காயமே உடம்புக்கும் வந்தது; அதில் இல்லாதது போய்விட்டது. கண் வெந்துபோன வாட்ச்மேனுக்கு அப்படித்தான் பார்வை திரும்பியது. தையல்காரிக்கு, சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்த வலது கை விரல்கள் ஒரு காலையில் தாமாக விரிந்தன. அன்றே மெஷினுக்கு எண்ணெய் விட்டாள்.

"உங்கம்மாவத் திட்டணும்னா இனிமே இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன்" என்றான் புருஷன், வலப்பக்கம் நகர்ந்து.

"உதடு அசையறது தெரியுதுய்யா" என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடியே.

மூன்று வருஷம் நன்றாக ஓடியது. பிறகு, இத்தனை பேருக்கும் அதெப்படி ஒரே காது என்று யாரோ புகார் எழுத, கண்காணிப்பு ஆணையம் வந்தது. அலுவலகத்துக்குச் சீல் வைத்து, மேனேஜரின் லைசென்ஸை ரத்து செய்தது. அதோடு நிற்கவில்லை. தவறான மனுக்கள் எல்லாவற்றையும் திருத்த உத்தரவிட்டது.

தையல்காரி வீட்டுக்கு வந்த அதிகாரி நல்ல பெண்மணி. வெட்டுத் துணிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு நடந்தது பெரிய அநியாயம்மா. சரி பண்ணத்தான் வந்திருக்கோம்."

"சரியாத்தான் இருக்கு மேடம். காது போனாப் போகட்டும். விரல விட்டுடுங்க."

"பொய்க் காயத்தோட உங்கள விட்டுட்டுப் போக எங்களுக்கு அதிகாரம் இல்லம்மா. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டே எங்க கையில இருக்கு."

இந்த முறை விதிப்படி எல்லாம் நடந்தது. அதிகாரி அவளுடைய இடது காதருகே குனிந்து, ஒவ்வொரு வரியையும் நிதானமாகப் படித்துக் காட்டினார். விரல்கள் என்ற சொல் வந்தபோது அவை மடங்கின. கத்திரிக்கோல் தரையில் விழுந்த சத்தம் அவளுக்கு இரண்டு காதிலும் கேட்டது.

ஹீட்டர் கம்பெனி அதற்குள் திவாலாகியிருந்தது. ஆணையத்தின் ஆண்டறிக்கையில் எல்லா மனுக்களும் திருத்தப்பட்டதாக இருந்தது. அது உண்மைதான்.

மறு வருஷம் மேனேஜர் மச்சான் பெயரில் சந்தைக்குப் பின்னால் கடை திறந்தார். இப்போது ஸ்கூட்டர் பிரேக் கேஸ். வரிசை தெருவரை நின்றது. தையல்காரியின் முறை வந்தது.

"இந்தத் தடவ யாரோட காயம் சார்?"

"ஒரு வாத்தியாரோடது. முழங்கால்."

"எந்தக் கால்?"

"இடது. ஆமா, உங்ககிட்ட அந்த ஸ்கூட்டர் இருந்துச்சாம்மா?"

தையல் மெஷின் பெடலை வலது காலால் மட்டும் மிதிக்க முடியுமா என்று அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"இருந்துச்சுன்னு எழுதிக்கோங்க" என்றாள்.