கெட்டியா, மெல்லிசா

என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் எதிலாவது ஒத்துப்போனதாகச் சரித்திரமே இல்லை. ஒருவர் ஃபேன் போட்டால் மற்றவர் போர்வை தேடுவார். மாமனார் ஓட்டித் தேய்த்த கார் இருவருக்கும் பொதுவாக வந்து சேர்ந்ததும், சண்டை அதன் இன்ஜினுக்குள்ளேயே குடியேறிவிட்டது.

என்னுடையவர் கெட்டி ஆயில் கட்சி.

"பழைய இன்ஜின்டா. உள்ள எல்லாம் தேஞ்சு இடைவெளி விழுந்திருக்கும். இருபது-அம்பதுன்னு விக்கிற கெட்டி ஆயிலை ஊத்தினாத்தான் தாங்கும்."

கொழுந்தனார் மெல்லிசுக் கட்சி.

"காலைக் குளிர்ல கிளம்பறோம் அண்ணா. உங்க கோந்து மேல ஏறி வர்றதுக்குள்ள இன்ஜின் காஞ்சிடும். கம்பெனிக்காரனே அஞ்சு-முப்பது மெல்லிசைத்தான் போடச் சொல்றான்."

இரண்டிலும் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை.

மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, இடுப்பெலும்பில் கட்டி. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியில் மட்டும்தான் அதற்குக் கதிர்வீச்சு சிகிச்சை. நடுவில் விட்டால் பலன் இல்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். மாமாவால் உட்கார முடியாது, பின் சீட்டில் படுக்க வைத்துத்தான் கூட்டிப்போக வேண்டும். ஆக, அந்தக் காரின் உயிரும் அவர் உயிரும் ஒரே கயிற்றில் தொங்கின. இதை இந்த இரண்டு மகா புத்திசாலிகளுக்கும் யார் சொல்வது?

ஆயில் மாற்றும் நாளில் மெக்கானிக், "இது ஆயில் குடிக்கிற வண்டி, எதைப் போட்டாலும்..." என்று ஏதோ சொல்ல வந்தார். இவர்கள் பேச விட்டால்தானே? கொழுந்தனார் முந்திக்கொண்டு மெல்லிசை ஊற்ற வைத்துவிட்டார். அன்றிலிருந்து என்னுடையவர் பானெட்டைத் திறந்து ஆயில் அளவு பார்ப்பதையே விட்டுவிட்டார். "அவன் ஊத்தின ஆயில். அவனே பாத்துக்கட்டும்" என்றார். கொழுந்தனாரோ, "வண்டி நிக்கிறது அண்ணன் வாசல்ல. தினமும் பாக்க வேண்டியது அவர்தானே" என்றார்.

அடுத்த முறை சிகிச்சைக்குக் கிளம்பி, மலையில் பாதி ஏறியபோது டேஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. மாமாவின் கால்களை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்த எனக்கே அது தெரிந்தது.

"வண்டியை நிறுத்துங்க" என்றேன்.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என்னுடையவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியாடா? தண்ணி மாதிரி ஊத்தினா பிரஷர் எங்கிருந்து வரும்?"

"ஏத்தத்துல சூடானா எந்த ஆயிலுக்கும் எரியும். சும்மா ஓட்டுங்க" என்றார் முன் சீட்டில் இருந்த கொழுந்தனார்.

ஒருவருக்கு அந்த விளக்கு ஜெயித்த சான்றிதழ். இன்னொருவருக்கு அது ஒன்றுமே இல்லை. வண்டியை நிறுத்தினால் அண்ணனின் சான்றிதழ் அணைந்துபோகும், தம்பி தோற்றதாகிவிடும்! நான் கத்தினேன், கெஞ்சினேன். அடுத்த வளைவில் உள்ளே இரும்பு உடைகிற சத்தம் கேட்டது, கார் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை.

கொழுந்தனார் இறங்கி, அளவு பார்க்கும் கம்பியை உருவினார். ஒரு சொட்டு இல்லை. கெட்டியும் இல்லை, மெல்லிசும் இல்லை, காய்ந்த கம்பி. அதை அண்ணனிடம் நீட்டினார். இருவரும் குனிந்து அந்தக் கம்பியையே பார்த்தார்கள். அழுதுவிடுவார்களோ என்றுகூட நினைத்தேன்.

"கெட்டியா இருந்திருந்தா இவ்வளவு சீக்கிரம் குறைஞ்சிருக்காது" என்றார் என்னுடையவர்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் பள்ளத்தில் தள்ளியிருப்பேன்.

"ஒரு வண்டி பிடிம்மா" என்றார் மாமா. "ஆஸ்பத்திரிக்கு வேண்டாம். வீட்டுக்குப் போகலாம்."

"நடுவுல விடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே மாமா."

"தெரியும்மா. போதும்."

அதைச் சத்தமாகத்தான் சொன்னார். வெளியே நின்ற இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காலியாக வந்த ஒரு வேன் எங்களைப் பார்த்து நின்றது. "மேலயா, கீழயா?" என்று கேட்டார் டிரைவர். ஒருவர் மேலே என்றால் மற்றவர் கீழே என்பார், அதுதானே வழக்கம். யாராவது ஒருவர், "அப்பா, அதெல்லாம் முடியாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்" என்று சண்டைக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். மாமாவும் தலையைத் தூக்கி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மாமா தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் கீழ்ப்பக்கம் கை காட்டினேன்.